பத்து நிமிசம் கேட்ட மத்தியஸ்தர்

பள்ளிக்கூடம் அதிகம் போகாமல், கோப்பை கழுவி, கனடாவின் மொன்றியலில் சொந்தக் கடை போட்டவன் நான். எங்கட பெடியளின் உதைபந்தாட்ட அணிக்கு உடுப்பு வாங்கிக் குடுத்ததும் நான்தான். எத்தனையோ பெரிய மனிதரைப் பார்த்துவிட்டேன். ஆனால் மனதில் நிற்பவர், எங்கட ஆட்டங்களுக்கு விசில் ஊத நான் கூப்பிட்ட ஒரு ஹெயிட்டிக்கார மத்தியஸ்தர். ஒல்லியான மனிதர், நரைத்த தலை. பூங்காவில் மூலைக்கொடி இல்லையென்று தன்னுடைய கொடிகளை மெட்ரோவில் தூக்கிக்கொண்டு வருவார்.

அன்று செயின்ட்-மிஷேல் பூங்காவில் கடைசி ஆட்டம். சமமாக முடிந்தாலே கப் எங்களுக்கு. சமமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முடியப் பத்து நிமிசம் இருக்கும்போது, ஹெல்மெட் போட்ட பெடியள் முட்டை மாதிரிப் பந்தோடு உள்ளே இறங்கினார்கள். இந்த நாட்டில் ஃபுட்போல் என்றால் அந்த விளையாட்டுத்தான்.

"போதும், வெளிய போங்கோ. இது உண்மையான ஃபுட்போலுக்கு உள்ள மைதானம்," என்றான் அவர்களின் கோச்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். "விசிலை ஊதி முடியுங்கோ, மிஸ்யே," என்றேன் மத்தியஸ்தரிடம், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

"உங்கட விளையாட்டை நீங்களே பாதியில விட்டால், அவங்கள் ஏன் மதிக்கப்போறாங்கள்?" என்றார் அவர்.

தன்னைப்போல இரண்டு மடங்கு ஆளான அந்தக் கோச்சின் முன்னால் போய் நின்றார். கெஞ்சவில்லை, கத்தவுமில்லை. பத்து நிமிசம் வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்தப் பத்தாவது நிமிசத்தில் எங்கட பெடியனின் கையில் பந்து பட்டது. பெனால்டி குடுத்தார். கோல். கப் போய்விட்டது.

"அண்ணை, இந்தாளையோ பிடிச்சுக்கொண்டு வந்தனீங்கள்?" என்று பெடியள் என்னில் பாய்ந்தார்கள்.

அடுத்த வருசமும் அவரைத்தான் கூப்பிட்டேன். ஏனென்று கேட்ட பெடியளிடம், "எங்கட விளையாட்டைப் பாதியில விடாத ஆள்," என்றேன்.