சிக்கந்தர் காட்டிய மங்கலான நட்சத்திரம்

சமயநல்லூரில் மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டு, திரும்புவதற்காக பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளர் பாண்டி என்னைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார். "சார், சிக்கந்தர் சார் காலையில போயிட்டாரு. நெஞ்சு வலியாம். சாயங்காலத் தொழுகை முடிஞ்சு அடக்கம். ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு..." என்று இழுத்தார். எங்கள் இயற்பியல் துறைத் தலைவர் சிக்கந்தரும் நானும் பேசிக்கொள்வதில்லை என்று கல்லூரியே நம்பியிருந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அதன் காரணமும் தெரியும். வயதில் அவர் மூத்தவர், பணியில் நான். தலைவர் பதவி காலியானபோது நிர்வாகம் என்னைத் தாண்டி அவரைக் கூப்பிட்டது. அது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் இறந்துவிட்டதால் அது சரியாகிவிடாது. ஆனால் எங்களுக்குள் ஒரு நட்சத்திரமும் இருந்தது. அது பலருக்குத் தெரியாது.

துலா ராசியில் இருக்கிறது அது. நல்ல இருட்டில் மட்டும் வெறும் கண்ணுக்குத் தெரியும். எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் ஒரே புள்ளிதான். உண்மையில் இரண்டு நட்சத்திரங்கள். இரண்டு நாளும் ஏறக்குறைய எட்டு மணி நேரமும் ஆனால் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மங்கலானது பிரகாசமானதை மறைக்கும்போது, இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்குப் புள்ளி மங்கிவிடும். பிரகாசமானது மங்கலானதை மறைத்தால் மட்டும் ஏறக்குறைய எந்த மாற்றமும் தெரியாது. இந்த ஓரவஞ்சனை எனக்கு விசித்திரமாக இருந்தது.

அந்தப் பதவிக்கு முந்தைய காலத்தில், ஆனையூரில் என் வீட்டைச் சுற்றி வயல்களாகவே இருந்தபோது, அது மங்குவதைக் காட்டுவதாகச் சொல்லி ஆசிரியர்கள் எல்லோரையும் என் மொட்டை மாடிக்குக் கூட்டிவந்தார் சிக்கந்தர். சுண்டல் தீர்ந்தது. நட்சத்திரம் அப்படியே இருந்தது.

"என்ன மாமா, ஒங்க ஆளு இன்னைக்கு லீவு போட்டுட்டாரா?" என்று அவரைக் கேட்டேன். அப்போதெல்லாம் மாமா, மாப்ள என்றுதான் நாங்கள் கூப்பிட்டுக்கொள்வோம்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவரே எல்லோரிடமும் சொன்னார். "புத்தகத்துல போட்டிருந்தது கிரீன்விச் நேரம். அஞ்சரை மணி கூட்ட மறந்துட்டேன். நாம அம்புட்டுப் பேரும் லண்டன் நேரத்துக்குச் சுண்டல் தின்னுருக்கோம்!"

பிறகு பதவி வந்தது, பேச்சு நின்றது. ஆனையூரில் தெருவிளக்குகளும் வந்தன. நட்சத்திரமும் கண்ணில் படாமல் போனது.

போன ஆனி மாதம் ஒரு மாலை, இருட்டியதும் ஊர் முழுக்க மின்சாரம் போனது. வாசலில் சிக்கந்தர் நின்றார்.

"பதவியப் பத்திப் பேச வரல, மாப்ள. இன்னைக்கு அது மங்குது. கரண்ட்டும் இல்ல. இத விட்டா நமக்கு வாய்க்காது."

"அஞ்சரை மணி கூட்டுனீங்களா?"

"கூட்டிட்டேன்யா. மாடிக்கு வழிய விடு."

அவரைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் அது மங்குமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. மாடியில் நின்று தேடினேன். இடம் தெரிந்திருந்தும் வெறும் இருட்டு. "நேராப் பாக்காத. பக்கத்துல எங்கயாவது பாரு. ஓரக்கண்ணுலதான் வரும்" என்றார். அப்படியே செய்தேன். வந்தது. நேராகப் பார்த்ததும் போய்விட்டது.

"ரெண்டுல எது பெருசுன்னு நெனைக்கிற?" என்று கேட்டார். "மங்கலா ஒண்ணு இருக்குல்ல, அதுதான்."

"அதான் எச்.ஓ.டி. ஆயிருச்சோ?" என்றேன்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். "இருடா மாப்ள, மறைக்கிறது எந்நேரமும் அங்கயே நிக்காது. இன்னும் ரெண்டு வருசத்துல நான் ரிட்டயரு. அப்பப் பளிச்சுன்னு தெரிவ" என்றார். விளக்குகள் வந்துவிட்டன. அது மறுபடி பிரகாசமாவதை இன்னொரு நாள் சேர்ந்து பார்ப்பதாகப் பேசிக்கொண்டோம்.

அந்த நாள் வரவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டுத் தலைவர் அறைச் சாவியைக் கொடுத்தது. அங்கே வானத்தில் முன்னால் நிற்பது விலகினால் பின்னால் இருப்பது ஒளிர்கிறது. இங்கே எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஓரக்கண்ணால் பார்க்கும் பழக்கம். அந்த அறையில் இருக்கும் அவருடைய நாற்காலியை இன்னும் அப்படித்தான் பார்க்கிறேன்.