நாலு கட்டத்துக்கு ஒரு வண்டியக்கா

சோப்புக் கம்பெனியின் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர்கள்தான் அவளுக்கு வண்டியக்கா என்று பெயர் வைத்தார்கள். அவள் ஓட்டுவது ஃபோர்க்லிஃப்ட். முன்னால் இரண்டு இரும்பு நாக்கை நீட்டிக்கொண்டு, சோப்புப் பெட்டிகளைக் கட்டுக் கட்டாகத் தூக்கி மேல் அடுக்கில் வைக்கிற அந்த வண்டியை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறாள். தரையில் கிடக்கும் தீப்பெட்டியை அந்த நாக்கால் நசுக்காமல் எடுத்து மேஜைமேல் வைப்பாள் என்பார்கள். கண்ணால் பார்த்ததாக நாற்பது பேர் சொல்கிறார்கள். அவளுடைய ஷிஃப்டில் மொத்தமே பன்னிரண்டு பேர்தான். நாற்பது பேரும் சத்தியம் செய்யும்போது நாம் என்ன சொல்ல முடியும்?

மூவாயிரம் பேர் வேலை செய்யும் அந்தக் கம்பெனிக்கு ஒரு வருஷம் திடீரென்று ஒரு ஞானம் வந்தது. எல்லா வகை மனிதர்களும் தன்னிடம் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். பொருந்துகிற கட்டங்கள் அனைத்திலும் டிக் போடவும் என்று மேலே அச்சடித்திருந்தது. வண்டியக்கா சொன்னதைச் செய்கிறவள். பெண் என்ற கட்டத்தில் ஒரு டிக். இடது காது பிறந்ததிலிருந்து கேட்காது, மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தில் ஒரு டிக். வீட்டில் பேசுவது ஊரார் பேசாத மொழி, அதற்கொன்று. வயது ஐம்பத்து மூன்று, அதற்கும் ஒன்று.

படிவங்களைக் கூட்டிப் பார்த்தபோது, கிடங்குத் தொழிலாளர் பட்டியலில் அந்த நாலு கட்டத்திலும் தலா ஒருவர் என்று வந்தது. கூட்டியது கம்ப்யூட்டர். அது ஆளைப் பார்க்கவில்லை. வரவேற்பறையில் பெரிய பலகை எழுதி மாட்டினார்கள். படித்தவர்கள் எல்லாரும் நாலு பேர் என்று நினைத்துக்கொண்டார்கள். கம்பெனி மேலாளரும் அப்படித்தான் நினைத்தார். மாட்டியவரே அவர்தான்.

இந்த லட்சணத்தில் கிடங்கின் சூப்பர்வைசருக்கு மாதக் கடைசியில் ஓய்வு. அந்த நாற்காலிக்கு வண்டியக்கா விண்ணப்பம் போட்டாள். ஏற்கெனவே இரண்டு முறை, பக்கத்துக் கிடங்குகளில் இடம் காலியானபோது போட்டிருந்தாள். இரண்டு முறையும் அடுத்த தடவை பார்க்கலாம் என்று பதில். ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருஷம்தான் இருக்கிறது. இந்த நாற்காலி போனால் அவள் வண்டியிலிருந்தே வீட்டுக்கு இறங்க வேண்டியதுதான்.

ஆள் சேர்ப்பு அதிகாரி அவளை அழைத்தாள். வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆன பெண், நல்லவள், பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

"உக்காருங்கக்கா. உங்களைவிட்டா அந்த வேலைக்கு ஆள் இல்ல. எனக்கும் தெரியும்."

"அப்புறம் என்ன மேடம்?"

"நீங்க சூப்பர்வைசர் ஆனா அலுவலர் பட்டியலுக்குப் போயிடுவீங்க. தொழிலாளர் பட்டியல்ல நாலு கட்டமும் பூஜ்யமாயிடும்."

"அலுவலர் பட்டியல்ல நாலு கட்டம் ரொம்புமே."

"அங்க கட்டமே போடலக்கா."

"அப்ப அந்த நாற்காலி யாருக்கு?"

அதிகாரியின் காது சிவந்தது. "மேலாளரோட மச்சான் ஒருத்தர் கணக்குப் பிரிவுல இருக்கார்..."

மச்சானை வண்டியக்காவுக்குத் தெரியும். ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வரும்போது எழுப்பும் பீப் சத்தத்துக்கே தூணைக் கட்டிக்கொள்கிற மனுஷர்.

அன்று வீட்டில் செருப்பைக் கழற்றிக்கொண்டே நடந்ததை எல்லாம் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் தெருமுனையில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். கேட்டுவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"இப்ப வந்திருக்கறது அந்த நாலுல யாரு?"

"பசியோட இருக்கறவ."

"அவளுக்குத் தட்டு வெச்சாச்சு. மத்த மூணு பேரும் சாப்ட்டு வந்துட்டாங்களா?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் அதற்கு மேல் விளையாடவில்லை.

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. எழுதியது ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஒரு கடைக் கம்பெனி. சோப்பு வாங்குவதற்குமுன், விற்கிறவர்கள் எல்லா வகை மனிதரையும் மதிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்களாம். பலகையிலிருக்கும் அந்த நாலு பேரையும் தங்கள் ஆய்வாளர் தனித்தனியாகச் சந்திப்பார், பெயர் கேட்க மாட்டார், ஆட்கள் பயமில்லாமல் பேச வேண்டும் என்று எழுதியிருந்தது.

"நாலு பேரையும் வரச் சொல்லுங்க" என்றார் மேலாளர்.

"சார், நாலு பேருன்னா... ஒரே ஆள்தான் சார்" என்றாள் அதிகாரி.

மேலாளர் காரியவாதி.

"அந்த ஒரு ஆளை நாலு தடவை வரச் சொல்லுங்க."

அதிகாரி வந்து கேட்டபோது வண்டியக்கா ஒன்றுதான் சொன்னாள். "வர்றேன். ஆனா பொய் பேசமாட்டேன்."

"ஒரு பொய்யும் வேணாம்க்கா. ஒவ்வொரு தடவையும் அந்தந்தக் கட்டத்தைப் பத்தி மட்டும் பேசுங்க, போதும்."

ஆய்வாளர் அம்மா நேரம் தவறாமல் வந்தார். முதலில் தலைக்கவசத்தோடு உள்ளே போய், பெண்ணாக இருப்பதைப் பற்றிப் பேசினாள் வண்டியக்கா. வெளியே வந்து, கவசத்தைக் கழற்றி, மூக்குக் கண்ணாடி மாட்டி, காது கேளாதவளாகத் திரும்பப் போனாள். மூன்றாவது தடவை அதிகாரியின் சால்வை. நாலாவது தடவை யாரோ கொடுத்த கோட்டு, தோளில் இறுக்கிப் பிடித்தது.

ஆய்வாளர் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். இரண்டாவது ஆள் உட்கார்ந்த உடனேயே அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் அவர் மூன்று மாதப் பயிற்சி பெற்றவர். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்து எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறீர்களே என்று சொல்வதைப்போல அநாகரிகம் வேறில்லை என்று பாடத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. மூன்றாவது ஆளைப் பார்த்தபோது தன்மீதே வெட்கப்பட்டார். நாலாவது ஆளைப் பார்த்தபோது தலை நிமிராமல் குறிப்பெடுத்தார். நாலு பேருக்கும் வலது மணிக்கட்டில் ஒரே இடத்தில் தழும்பு. அது வீட்டு இஸ்திரிப் பெட்டி சுட்டது. பாதுகாப்பில்லாத ஏதோ ஒரு யந்திரம் எல்லாரையும் சுடுகிறது என்று அவர் தனியாக எழுதிக்கொண்டார்.

ஒவ்வொரு தடவையும் கடைசிக் கேள்வி ஒன்றுதான். "இங்க உங்களுக்குப் பெரிய குறை எது?"

ஒவ்வொரு தடவையும் பதிலும் ஒன்றுதான். "சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன்மா. மேல போனா கீழ கட்டம் காலியாயிடும்னு தரமாட்டேங்கறாங்க."

நாலாவது தடவை ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "இதையே இன்னும் மூணு பேர் சொன்னாங்க."

"அவங்க சொன்னதும் நிஜம்தான்மா" என்றாள் வண்டியக்கா. "அதுக்கு நான் பொறுப்பு."

பத்து நாளில் அறிக்கை வந்தது. சந்தித்த நால்வரில் நால்வருக்கும் பதவி உயர்வு மறுக்கப்பட்டிருக்கிறது, நூறு விழுக்காடு, இவ்வளவு ஒருமித்த குறையை எந்தக் கம்பெனியிலும் கண்டதில்லை. காலியாகும் நாற்காலியில் அந்த நால்வரில் ஒருவர் உட்கார வேண்டும். கீழே விழும் காலியிடத்தையும் உடனே நிரப்ப வேண்டும். அதன்பிறகே சோப்பு. சுடுகிற யந்திரத்தையும் தேடிப் பிடிக்கவும்.

மேலாளர் அறிக்கையை இரண்டு தரம் படித்தார்.

"நாலு பேர்ல யாருக்குக் குடுக்கலாம்?"

அதிகாரி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். விளையாட்டாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது.

"வயசுல மூத்தவங்களுக்கே குடுத்துடலாம் சார்."

"அதுதான் நியாயம்."

மச்சானுக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விஷயம் தெரிந்த அன்று கணக்குப் பிரிவில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

உத்தரவை அதிகாரியே கொண்டுவந்து தந்தாள். பிறகு தயங்கி நின்றாள். "அக்கா, நீங்க மேல போனதுல நாலு கட்டமும் காலி. இப்ப எனக்கு நிஜமாவே நாலு ஆள் வேணும். எங்க தேடறதுன்னே தெரியல."

"தேட வேணாம் மேடம். எங்க தெருவுலருந்து மட்டும் வருஷத்துக்குப் பத்துப் பதினஞ்சு பேர் விண்ணப்பம் போடறாங்க. அதெல்லாம் எங்க போகுதுன்னு பாருங்க."

அதிகாரி போய்ப் பார்த்தாள். அவளுக்கு முன்பிருந்தவர், ஆடுகிற அலமாரியின் ஒரு காலுக்கு அடியில் அவற்றை மடித்துச் செருகியிருந்தார். ஆறு வருஷக் கட்டு. உருவியதும் அலமாரி சாய்ந்தது. அதிலிருந்து நாலு பேரை அழைத்தாள். ஒருவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்து, விபத்தில் ஒரு கால் போய், செயற்கைக் கால் பொருத்திக்கொண்டவர். கால் மிதி இல்லாமல் கையாலேயே இயக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்றை அவருக்கு ஒதுக்கினார்கள்.

மூன்றாம் நாள் காலை அந்தப் புது ஓட்டுநர் வண்டியைத் திருப்பும்போது ஓர் அடுக்கு முழுதும் சரிந்தது. முந்நூறு பெட்டிச் சோப்பு. கிடங்கு மணத்தது.

வண்டியக்கா நடந்து வந்தாள். எல்லாரும் விலகி வழி விட்டார்கள்.

"அடி பட்டுச்சா?"

"இல்லக்கா. வேலை போயிடுமா?"

"முதல் வாரத்துல நான் சாச்சது இதைவிட உசந்த அடுக்கு. ஏறி உக்காருங்க, வெளிய லாரி நிக்குது."

விபத்துப் பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள். பக்கத்தின் அடியில் இரண்டு கோடுகள், மேலே சூப்பர்வைசருக்கு, கீழே ஓட்டுநருக்கு. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் அவள் பேனா கீழ்க்கோட்டுக்குப் போய்ப் பாதிப் பெயரை எழுதிவிட்டது. நிறுத்தி, அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே முழுப்பெயரையும் எழுதினாள்.