மதாம் பெர்ரூவின் வைரங்கள்

கறுப்புத் துணிக்குள் இரண்டு கைகளையும் முழங்கைவரை விட்டு, பார்க்காமலேயே திருகாணி முடுக்குகிறார் மதாம் பெர்ரூ. பார்வை எதிர்ச்சுவரில், நாக்கு நுனி உதட்டோரத்தில். துணிக்கு அடியில் இருப்பது வைரம்.

"விளக்கப் போட்டுடாதீங்க! நேத்து முழுக்கக் கதிர் காட்டி இப்பத்தான் எழுப்பி வெச்சிருக்கேன். வெளிச்சம் பட்டா மறுபடி படுத்துக்கும்."

விளையாட்டுப் பேச்சில்லை. உலையில் வளர்த்த வைரச் சில்லின் இருபுறமும் உலோகம் பூசி, ஐந்நூறு வோல்ட் கொடுத்து வைத்தால், ஒவ்வொரு துகள் கடக்கும்போதும் துளி மின்சாரம் துள்ளும். புதுச் சில்லுகள் சில முதலில் மந்தமாக இருக்கும். கதிரில் கிடந்துதான் சுதாரிக்கும். ஜெனீவாவை ஒட்டிய எங்கள் ஆய்வுக்கூடத்தின் சுரங்கத்தில், துகள் கற்றை தடம் மாறுகிறதா என்று காவலிருப்பவை இவைதான். மற்ற கருவிகள் கதிரடியில் சீக்கிரம் சுருண்டுவிடும் இடத்தில் இவை நெடுநாள் தாங்கும்.

மதாமுக்கு ஐம்பத்தெட்டு வயது. தினமும் பிரான்ஸ் பக்கத்திலிருந்து சைக்கிளில் எல்லை தாண்டி வருவார். கையில் மோதிரம் கிடையாது. ஸ்லோவேனியாக்காரன் பொரூத், எங்கள் இயற்பியலாளன், வைரம் பதித்த நிச்சயதார்த்த மோதிரத்தை ஆசையாகக் கொண்டுவந்து காட்டினான். மதாம் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"எத்தன வோல்ட் தாங்கும்?"

"மோதிரம் மதாம் இது!"

"அப்ப சும்மா மினுக்கத்தானா? லேசா மஞ்சள் வேற அடிக்குது. உள்ள நைட்ரஜன். எங்கிட்ட வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன். பாவம் அந்தப் பொண்ணு."

சளி பிடித்தவர்களுக்கு அவர் அறையில் இடமில்லை. எங்கள் குழுத் தலைவர் ஹெல்விக் ஒருமுறை உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார். "தலைவர்னா மூக்கு ஒழுகாதா? வராந்தாவுல போய்ச் சிந்திட்டு வாங்க" என்று மதாம் கதவைச் சாத்திவிட்டார்.

சென்ற ஏப்ரலில், பிர்ச் மரங்கள் மகரந்தத்தைக் கொட்டிய வாரத்தில், தும்மியது மதாம்தான்.

இடுக்கியில் இருந்தது கழுவி முடித்த வெறும் வைரம். உலோகம் பூசாதது, நிறமற்றது, துவரம்பருப்பளவு சதுரம். மாற்றாக வைத்திருந்த சில்லு முந்தின வாரமே விரிசல் விட்டிருந்தது. வெள்ளிக்கிழமை சுரங்கத்தை மூடிவிட்டால், இது போய் உட்கார வேண்டிய இடத்துக்கு ஒரு வருடம் காவல் இல்லை. தும்மலில் வைரம் பறந்தது. முழங்கை பட்டு, கை பழகுவதற்காக அதே அளவில் வெட்டி வைத்திருந்த கண்ணாடிச் சில்லுகளின் தட்டும் கவிழ்ந்தது.

"யாரும் கால நகத்தாதீங்க" என்றார்.

மதாம், பொரூத், நான், மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடினோம். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு சில்லுகள் சேர்ந்தன. எல்லாம் ஒரே மாதிரி மின்னின. ஒன்று வைரம், பதினொன்று கண்ணாடி.

"கீறிப் பாத்துடலாமா?" என்றான் பொரூத்.

"உன் மோதிரத்தக் கீறு! ஓரம் சிதைஞ்சா அப்புறம் அது எதுக்கு ஆகும்?"

"எக்ஸ்ரே கருவி இருக்கு. ஆனா திங்கட்கிழமைதான் நம்ம முறை."

மதாம் பன்னிரண்டு சில்லுகளையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"கேன்டீனுக்கு ஓடு. பனிக்கட்டி கொண்டா. பெரிசா."

கொண்டுவந்தேன். கையுறையைக் கழற்றி, முதல் சில்லை இரு விரலில் பிடித்து அதன் விளிம்பால் பனிக்கட்டியை அழுத்தினார். அசையவில்லை. இரண்டாவதும் அப்படியே. ஏழு, எட்டு. பொரூத் நகத்தைக் கடிக்கத் தொடங்கினான். ஒன்பதாவது, வெண்ணெயில் கத்திபோல, சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது.

"அம்மாடி, விரலெல்லாம் விறைச்சுப் போச்சு! இதான். உடம்புச் சூட்ட உறிஞ்சி அப்படியே பனிக்கட்டிக்குக் கடத்துது. கண்ணாடிக்கு ஏது அந்தச் சாமர்த்தியம்?" சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன; துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

செய்தி கேட்டு ஹெல்விக் மூச்சிரைக்க ஓடிவந்தார். "கிடைச்சிருச்சா? எங்க, எங்க?"

மதாம் உள்ளங்கையை நீட்டினார். அங்கே ஒரு துளி தண்ணீர்தான் இருப்பதுபோலத் தெரிந்தது. ஹெல்விக் நன்றாகக் குனிந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மதாமின் மறு கை மெல்ல எழுந்து, தலைவரின் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தியது.