பீற்றர் சுட்ட மான்

லண்டனின் வால்தம்ஸ்டோவில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் கணேசலிங்கம் யாரையும் எளிதில் நம்பமாட்டார். இளம் வயதில் அவரைப் பாரிசில் இறக்கி, இதுதான் லண்டன் என்று சொல்லிவிட்டுப் போனான், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரன். அன்றிலிருந்து, மீன்காரன் புதுசு என்று சத்தியம் செய்தாலும் செவுளைத் திறந்து பார்த்துத்தான் வாங்குவார்.

மோர்டனில் இருக்கும் பீற்றர் அவருக்கு மான் இறைச்சி கொடுப்பவன். நகர எல்லைப் பண்ணைகளில் பயிர் மேயும் மான்களைச் சுட அனுமதி பெற்றவன். கடைசியாகக் கொண்டுவந்த மானின் தொடையில் இரத்தம் கன்றிக் கிடந்தது. காரில் அடிபட்டுச் செத்ததைத் தன் தலையில் கட்டிவிட்டானோ என்று கணேசலிங்கத்துக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

"அடுத்த முறை நானும் வாறன்," என்றார்.

"வாங்கோ அண்ணை."

அவன் உடனே சம்மதித்ததும் அவருக்குச் சந்தேகமாகவே பட்டது.

ஒக்டோபர் மாலையொன்றில், பண்ணை வேலியோரம் நின்ற ஆண்மான் வெடி பட்டுத் துள்ளி விழுவதைக் கண்ணால் கண்டார். கண்டும், ஓடிப்போய் உடம்பெல்லாம் தடவிப் பழைய காயம் தேடினார். ஒன்றுமில்லை.

"காலைப் பிடியுங்கோ. இருட்ட முதல் குடலை எடுக்கவேணும். சூடு நிண்டால் இறைச்சி பழுதாப்போகும்."

பீற்றர் கத்திமுனைக்குக் கீழே இரு விரல் கொடுத்து, இரைப்பை கிழியாமல் வயிற்றை வகுந்தான். குளிரில் ஆவி கிளம்பியது. கணேசலிங்கம் டோர்ச் வெளிச்சத்தை அவன் கைகளைவிட்டு விலக்கவில்லை. நுரையீரலை வெளியே இழுத்தவன் சட்டென்று குனிந்தான். அவன் முதுகு வெளிச்சத்தை மறைத்தது.

"என்னத்தை ஒளிக்கிறாய்?"

"ஒளிக்கேல்லை. இஞ்ச பாருங்கோ."

நுரையீரலெங்கும் சீழ்க்கட்டிகள்.

"காசநோயா இருக்கும். விக்க ஏலாது அண்ணை, கால்நடை நோய் அலுவலகத்துக்கு அறிவிக்கவேணும்."

தன்னிடம் இப்படிச் சொல்லிவிட்டு வேறு கடைக்குத் தள்ளப்போகிறானோ?

"இப்பவே போன் எடு. ஸ்பீக்கரில போடு."

பீற்றர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். கையுறையைக் கழற்றிவிட்டு அழைத்தான். எடுத்த பெண் இடத்தை விசாரித்தாள். எதையும் நகர்த்தாதீர்கள், ஆள் வரும் என்றாள். கணேசலிங்கம் ஒரு சொல் விடாமல் கேட்டார்.

"போன முறை மானைப் பற்றியும் என்னட்டக் கேட்டிருக்கலாமே," என்றான் பீற்றர். "என்ர முதல் வெடி தொடையில பட்டிட்டுது. வெக்கத்தில சொல்லேல்லை."

நம்புவதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. போத்தலை எடுத்து அவன் கைகழுவத் தண்ணீர் ஊற்றினார்.

"சனிக்கிழமை திரும்பச் சுட வருவியோ?"

"ஓம். கிடைச்சால் கடைக்குக் கொண்டுவாறன்."

"நீ கொண்டுவர வேண்டாம். நானே இஞ்ச வாறன்."