என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னவர்

ரங்கூன் பசுந்தாங் பேட்டை சௌந்தரம் அக்கா தவறிவிட்டார் என்று அவருடைய கணவர், அரிசி ஆலை மேஸ்திரி, நேரில் வந்து சொன்னார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம். நான் வாய்விட்டு அழுதேன். ஆனால் அக்காவை அறிந்த உங்களிடம் மறைப்பானேன், நெஞ்சிலிருந்து ஒரு பாரமும் இறங்கிற்று. சட்டசபையில் பெண்கள் உட்காரக் கூடாதென்ற தடையை எடுத்துவிட்ட சேதி முந்தின வாரம்தான் வந்திருந்தது. அதைக் கேட்காமலே போய்விடுவாரோ என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரங்கூனுக்கு வந்தவர் அக்கா. பிழைக்க வந்த இடத்தில் பொம்பளைக்கு என்ன அரசியல் என்று நம் ஆண்களே முணுமுணுத்தார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் பர்மாக்காரிக்கும் தாகம், எனக்கும் தாகம் என்பார் அக்கா. காலிக் குடங்களோடு எங்களை நகரசபை வாசலில் உட்காரவைத்துத் தெருவுக்குக் குழாய் வாங்கித் தந்தார். அதன்பின் சந்தையில் பர்மியப் பெண்கள் அவரை ‘டோ சௌந்தரம்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

பிறகு மாகாணச் சட்டசபைத் தேர்தல் வந்தது. வரி கட்டும் பெண்களுக்கு ஓட்டு உண்டாம், ஆனால் உறுப்பினராக முடியாதாம். சமைக்கலாம், பந்தியில் உட்காரக் கூடாது என்பதுபோல! அக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தடையை நீக்கப் பேசுவதாக வாக்குக் கொடுத்த ஒரு வக்கீலுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார்.

ஓட்டுப்போடும் நாளில் எல்லாம் கெடப் பார்த்தது. குமாஸ்தா ஒவ்வொருத்தியிடமும் புருஷன் பெயரைக் கேட்டார். எந்தத் தமிழச்சி சொல்வாள்? சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி முருகன் கோயில் இருக்கும் திசையைக் கைகாட்டினாள். பெயர் சொல்லாவிட்டால் ஓட்டு இல்லை என்று அவர் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பாதி வழியில் அக்கா எங்களை மறித்து, திரும்பக் கூட்டிப்போய், இரண்டிரண்டு பேராக நிறுத்தினார். இவள் புருஷன் பெயரை அவள் சொல்ல வேண்டும், அவள் புருஷன் பெயரை இவள். குமாஸ்தா முடியவே முடியாது என்றார்.

“ஐயா, உங்களுக்கு வேண்டியது பேருதானே? எந்த வாயால வந்தா என்ன?” என்றார் அக்கா.

குமாஸ்தா தெருவரை நீண்ட வரிசையைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

எனக்கு ஜோடி அக்காதான். என் வீட்டுக்காரர் பெயரை அவர் சொன்னார், மேஸ்திரி பெயரை நான் சொன்னேன். ஊரையே எதிர்த்துப் பேசியவர் அதை மட்டும் சொல்ல மாட்டார்! கேலி செய்தால், “சட்டத்தை மாத்தலாம்டி, அவரு நல்லா இருக்கட்டும்” என்பார்.

வக்கீல் ஜெயித்தார், பேசவும் பேசினார், தடை நீங்கவில்லை. அக்கா விடவில்லை. அடுத்தடுத்த தேர்தல்களிலும் எங்களை ஜோடி ஜோடியாக நடத்திக்கொண்டு போனார். கடைசியில் இருமலோடு படுத்துவிட்டார். தடை நீங்கிய சேதியைப் பத்திரிகையில் பார்த்ததும் ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன். அப்போ நான் நிற்கலாமா என்று கேட்டார். நிற்கலாம் அக்கா என்றேன்.

“நிக்கிறேனோ இல்லியோ, நிக்கக் கூடாதுன்னு இனிமே எவனும் சொல்ல முடியாதுல்ல” என்று திரும்பிப் படுத்தார்.

இறப்பைப் பதிய மேஸ்திரிக்குத் துணையாக நானும் போனேன். இறந்தவர் புருஷன் பெயர் என்ன என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டதும் அந்த மனிதர் உடைந்துபோனார். வழக்கம்போல நானே சொன்னேன்: ராமலிங்கம். உடனே, சாட்சி சொல்லும் உங்கள் புருஷன் பெயர் என்றார் அவர். பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினேன். அங்கே அக்கா இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு நானே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால், என் வீட்டுக்காரர் சப்பணமிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்றார். அப்பாடா என்று இருந்தது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாய்தான். நாளைக்கு நம் பெண் ஒருத்தி தேர்தலில் நிற்பாள். அவளுக்கு ஓட்டுப்போட நான் ஜோடி தேட மாட்டேன். என் வீட்டுக்காரர் பெயர் வேலாயுதம்.