ஜூலை ஒன்பதாம் தேதித் தாள்

அச்சகத்துல அவளுக்குப் பேரு பூதக்கண்ணாடி. பெத்தவங்க வெச்ச பேரு சம்பளப் பட்டியல்ல மட்டும்தான். தினம் ஒண்ணா கிழிக்கிற காலண்டர் இருக்குல்ல, அதோட முந்நூத்தி அறுபத்தஞ்சு தாளையும் எழுத்து எழுத்தா படிச்சுப் பிழை பிடிக்கிறதுதான் அவ வேலை. பத்தொம்பது வருஷமா இதேதான். எந்தத் தலைவர் என்னிக்குச் செத்தாரு, தபால் தினம் எது, பார்வை தினம் எது, எல்லாம் நுனி நாக்குல. வீட்டுக்காரர் பிறந்தநாளை மட்டும் தவறாம மறந்துருவா. "நானும் ஒரு தலைவரா இருந்திருக்கணும்"பாரு அந்த மனுஷன்.

ஜூலை ஒன்பதை மட்டும் அவளுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்ல. அவளுக்குப் பதினாலு வயசுல, அன்னிக்குக் காலையிலதான் அவ அப்பா வேலை பாத்த ஆலையோட கொதிகலன் வெடிச்சுது. அடைப்பு இருக்குன்னு தொழிலாளிங்க மூணு தடவை சொல்லியும் நிறுத்தாம ஓட்டுன கொதிகலன். ஒன்பது பேர் செத்தாங்க. அதுல ஒருத்தரு, கரி அள்ளிப் போட்டுக்கிட்டிருந்த அவ அப்பா. செத்தவங்க ஞாபகமா ஆலை ஒரு கல்லு கூட நடல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அந்தத் தாளோட அடியில ஒரு வரியைச் சேர்த்தா: 'ஆலைக் கொதிகலன் வெடித்து ஒன்பது தொழிலாளர் இறந்த நாள்.' யாரும் கேக்கல. வருஷா வருஷம் வந்துக்கிட்டிருந்துச்சு.

இந்தத் தடவை ஆலையே எட்டாயிரம் காலண்டர் கேட்டுச்சு, தொழிலாளிங்களுக்குக் குடுக்க. அவங்க அனுப்புன விசேஷ நாள் பட்டியல்ல ஜூலை ஒன்பதுக்கு நேரா 'நிறுவனர் நாள்'னு இருந்துச்சு. அந்த நிறுவனர் எப்பப் பொறந்தாருன்னு அவரு வீட்டுலயே ரெண்டு கணக்கு உண்டு. வேற நாளே கிடைக்கலையாம். எழவு விழுந்த வாசல்ல தோரணம் கட்டுற வேலை. அவ அந்த வரிக்குக் கீழே தன் வரியைச் சேர்த்து அச்சுக்கு அனுப்பிட்டா.

மத்தியானம் மூணு மணி. மிஷின்ல அச்சுத் தகடு ஏத்தி மாதிரித் தாளும் எடுத்தாச்சு. ஆலை ஆபீசர் பாத்து ஒத்துக்க வந்தாரு. வழக்கமா இப்படிப் பாக்க வர்றவங்க சிவப்பு எழுத்தை மட்டும்தான் பாப்பாங்க, லீவு நாள் சரியா இருந்தா போதும். இவரு ஜூலை ஒன்பதுல நின்னுட்டாரு. மிஷின்காரர் துடைச்ச கையையே திரும்பத் திரும்பத் துடைச்சுக்கிட்டிருந்தாரு.

"இது யாரு வெச்ச கொள்ளி?"

"நான்தான் சார்."

"எடுத்துருங்க. நல்ல நாளும் அதுவுமா எழவுச் சேதியைப் போடுவாங்களாம்மா?"

"எழவு நாள்ல நல்ல நாளைக் கொண்டாந்து வெச்சது நீங்கதானே?"

அச்சக முதலாளி ஓடியாந்தாரு. "தாயே, கொஞ்சம் வாயை மூடு. சார், அஞ்சு நிமிஷம். தகட்டுல அந்த வரியை அழிச்சா முடிஞ்சுது."

"அழிச்சுக்குங்க," அவ சொன்னா. "நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

முதலாளி முகம் செத்துப்போச்சு. பதினொரு வருஷத்துக்கு முன்னாடி, இவ பிரசவ லீவுல இருந்த நேரம், ஜூனுக்கு முப்பத்தொண்ணாம் தேதி அடிச்சுட்டாங்க. நாப்பதாயிரம் காலண்டர். முதலாளி சம்சாரம் வரைக்கும் தரையில உக்காந்து பன்னெண்டு நாள் அந்த ஒத்தைத் தாளைக் கிழிச்சாங்க. அன்னிலேருந்து பிழை பாத்தவ கையெழுத்து இல்லாம மிஷின் ஓடாதுன்னு விதி.

"நானே போடுறேன்யா கையெழுத்து. ஓட்டு."

"ஓட்டுறேன் மொதலாளி," மிஷின்காரர் சொன்னாரு. "ஆனா கிழிக்க இன்னொரு தடவை உக்கார மாட்டேன். முட்டி அன்னிக்கே போச்சு."

அவ மாதிரித் தாளை மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டா. "இதுல இன்னும் ரெண்டு பிழை இருக்கு. எங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

ஆபீசர் அவளை முறைச்சாரு. அப்புறம் போனை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனாரு. இருபது நிமிஷம். மை காஞ்சுக்கிட்டிருந்துச்சு. முதலாளி அவ பக்கத்துல வந்து, "உன் பிள்ளை படிப்பை நெனச்சுப் பாத்தியா?"ன்னாரு. நெனச்சா. தாளை மட்டும் விடல.

ஆபீசர் திரும்பி வந்தாரு. "ரெண்டு வரியும் வேணாம். எங்க விழாவுக்குத் தனியா நோட்டீஸ் அடிச்சுக்குறோம். அந்த இடம் காலியா கிடக்கட்டும்."

"போடு," முதலாளி பேனாவை நீட்டுனாரு. "போட்டுட்டு நாளையிலேருந்து வராதே."

மிஷின்காரர் ரெண்டு வரியையும் அழிச்சு, புதுத் தாள் ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு. வருஷம் பூரா ஒவ்வொரு நாள் அடியிலும் ஏதோ ஒண்ணு இருந்துச்சு. இங்க மட்டும் வெள்ளை. அவ பேனாவை வாங்கல. ஸ்கேலை எடுத்து அந்த வெள்ளையை அளந்தா.

"என்னம்மா அளக்குற?"

"பிழை பாக்குறேன் சார்."

பிழை ஒண்ணும் இல்ல. அந்த ரெண்டு பிழை அவ சொன்ன பச்சைப் பொய். பொடி எழுத்துல எழுதினா செத்த ஒன்பது பேரோட பேரும் அந்த இடத்துல அடங்கும். எழுதிக்க எட்டாயிரம் வீட்டுலயும் ஒரு பேனாவாவது இருக்கும்.

கையெழுத்துப் போட்டா.