ஆல்பர்ட் வாங்கிய உஃபர் பெட்டி

ரிட்டையர் ஆனவன் பழைய கார் வாங்கினால் வேளாங்கண்ணிக்குப் போவான், பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றுவான். என் கூட்டாளி ஆல்பர்ட் அதன் டிக்கியில் உஃபர், அதாவது அடிச்சத்தத்தை அதிர வைக்கும் ஸ்பீக்கர் பெட்டி, வைக்கக் கிளம்பினான். அறுபத்திரண்டு வயதில் இது என்ன கூத்து என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. காரணம் தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் இருவரும் முப்பது வருடம் வேலை பார்த்தோம். சாமிதுரை என்கிற நான் சூளையில், அவன் அச்சு செய்யும் இடத்தில். பக்கத்திலேயே மண் அரைக்கிற மில் ஓயாமல் உருளும். அதில் அவன் காது போயிற்று. கிளாரினெட், செல்போன் மணி மாதிரி கீச்சுச் சத்தம் எதுவும் கேட்காது. கனத்த அடிக்குரலில் பேசினால் கேட்கும்.

அவன் தம்பி சாவியோ கோயில் பேண்டில் பெரிய டிரம் அடித்தவன். தேர்த் திருவிழா அன்று ஷிஃப்ட் முடிந்ததும் மண் அப்பிய சட்டையோடு ஓடுவோம். பேண்டு தெருமுனை திரும்பும் முன்பே டிரம் நெஞ்சில் வந்து இடிக்கும். இப்போது நினைத்தாலும் இடிக்கிறது. எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

சாவியோ கடைசியாக அடித்த வருடம், ஆல்பர்ட் எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினான்.

"நடுவுல நடுவுல அடிய வுட்டுட்ட. வூட்டு மானத்தையே வாங்கிட்ட."

அங்கேயே டிரம்மைக் கழற்றி வைத்த சாவியோ பிறகு அதைத் தொடவே இல்லை. மூன்று வருடம் முன்பு இறந்துபோனான். அன்று தான் நின்றது ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், அந்த இரைச்சலில் தனக்குத்தான் அடி கேட்காமல் போயிருக்குமோ என்பது ஆல்பர்ட்டுக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தத் தேர்ப் பவனியின் வீடியோ கிடைத்தது. செல்போனில் போட்டால் எனக்குக்கூட டிரம் கேட்கவில்லை. தம்பி அடியை விட்டானா இல்லையா என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் உஃபர்.

ஜங்ஷன் ரோட்டில் கார் செட் கடை வைத்திருக்கும் திலீபன் இரண்டு வகைப் பெட்டி காட்டினான். ஒன்று ஓட்டை வைத்தது, இன்னொன்று முழுக்க மூடியது.

"ஓட்டை வச்சது நல்லா அதிரும்ணே. ஆனா பெருசா செய்யணும்."

அதிரும் என்றதும் ஆல்பர்ட் அதையே கேட்டான். டிக்கியைத் தானே அளந்து சீட்டில் எழுதிக் கொடுத்தான்.

ஒரு வாரம் கழித்துப் போனால் பெட்டி டிக்கிக்குள் நுழையவில்லை. முப்பது அங்குலத்துக்கு மூன்று அதிகம். சீட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மண் காய்ந்து வெந்தால் சுருங்கும். அதனால் பத்துக்கு ஒன்று கூட்டித்தான் அச்சு எடுப்போம். அந்தப் பழக்கத்தில் பிளைவுட்டுக்கும் கூட்டியிருக்கிறான்.

"ஏன்டா, இத எந்தச் சூளையில வச்சி சுடறது?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கீழே வைத்தாவது போடு என்றான். திலீபன் அந்த வீடியோவைப் பெட்டியில் போட்டான். கும்மென்று ஒரே முழக்கம். ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறியது. ஆல்பர்ட்டின் முகம் வாடிவிட்டது.

"ஒரு அடிகூட தனியாப் பிரியலையே தம்பி."

"அப்ப மூடுன பொட்டிதாண்ணே ஒங்களுக்கு. அதிர்வு கொஞ்சம் கம்மி. அடி தனித்தனியா வுழும்."

கடையில் தயாராக இருந்த மூடிய பெட்டி டிக்கியில் கச்சிதமாக உட்கார்ந்தது. பின்சீட்டில் நாங்கள் இருவரும் ஏறிக்கொண்டோம். ஒவ்வொரு அடியும் சீட்டு வழியே முதுகில் தட்டியது. ஆல்பர்ட் விரல் விட்டு எண்ணினான். தேர் கிளம்பியதிலிருந்து கோயில் வாசல் திரும்பும் வரை எண்ணினான்.

"ஒண்ணுகூட வுடல தொரை," என்றான்.

திலீபன் கதவருகே குனிந்து, "இதையே மாட்டிடட்டுங்களாண்ணே?" என்று கேட்டான்.

"மாட்டுப்பா," என்ற ஆல்பர்ட் என் பக்கம் திரும்பினான்.

"இத இனிமே யாருகிட்ட போயி சொல்லுவன்?"